நாற்றங்கால் தீவு: ஐரிஷ் நடிகர்கள் எங்கிருந்து வருகிறார்கள்?

2023 ஆஸ்கர் விழாவில் நடிப்புக்கான நான்கு பிரிவுகளிலும் சேர்த்து 20 பேர் போட்டியில் இருந்தார்கள். அவர்களில் ஐந்து பேர் அயர்லாந்துக்காரர்கள்: காலின் ஃபாரல், பால் மெஸ்கல், பிரெண்டன் க்ளீசன், பேரி கியோகன், கெர்ரி காண்டன். அடுத்த ஆண்டு கில்லியன் மர்ஃபி சிறந்த நடிகருக்கான ஆஸ்கரை வாங்கினார். அயர்லாந்தில் பிறந்து அந்த விருதைப் பெற்ற முதல் ஆள் அவர்தான். (அவர் பெயரைச் 'சிலியன்' என்று எழுதுவது தவறு. ஐரிஷ் மொழியில் அந்த முதலெழுத்துக்கு எப்போதும் 'க' ஒலிதான்.)

2022 கணக்கெடுப்பில் அயர்லாந்துக் குடியரசின் மக்கள்தொகை சுமார் 51 லட்சம். வட அயர்லாந்தின் 19 லட்சத்தைச் சேர்த்தால் முழுத் தீவுக்கும் 70 லட்சம் வரும். இவ்வளவு சின்ன இடத்திலிருந்து இத்தனை நடிகர்கள் எப்படி என்று கேட்டால், வழக்கமாக ஒரே மாதிரியான பதில்கள்தான் வரும். கதை சொல்வது அவர்கள் ரத்தத்தில் ஊறியது, வாய் வீச்சுக்காரர்கள், மழைக்கு வீட்டுக்குள் உட்கார்ந்து பேசிப் பேசியே வளர்ந்தவர்கள் என்பார்கள். கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் இந்தப் பதில், நூறு ஆண்டுகளுக்கும் மேலாக அங்கே பலர் பாடுபட்டுக் கட்டிய ஓர் ஏற்பாட்டை மறைத்துவிடுகிறது. அந்த ஏற்பாடு எப்படி வேலை செய்கிறது என்பதை இங்கே படிப்படியாகப் பார்ப்போம்.

நெல் விளைவிப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். வயல் முழுக்க நேரடியாக விதைப்பதற்குப் பதில், ஒரு மூலையில் சின்ன நாற்றங்கால் போடுகிறோம். அங்கே விதை நெருக்கமாக விழும், தண்ணீர் கையெட்டும் தூரத்தில் இருக்கும், பூச்சி விழுந்தால் அன்றைக்கே கண்ணில் படும். நாற்று தேறியதும் பறித்துப் பெரிய வயலில் நடுகிறோம். அயர்லாந்து நடிப்புலகின் நாற்றங்கால். லண்டனும் நியூயார்க்கும் ஹாலிவுட்டும் நடவு வயல்கள். நாற்றங்காலின் பலம் அதன் பரப்பில் இல்லை, நெருக்கத்திலும் கவனிப்பிலும் இருக்கிறது. இதை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் எளிதில் விளங்கும்.

## முதலில், யாரை 'ஐரிஷ்' என்கிறோம்?

பேச்சு தடம் புரளும் முதல் இடம் இதுதான். பிறந்த ஊர், வளர்ந்த ஊர், பெற்றோரின் ஊர், குடியுரிமை ஆகிய நான்கும் வேறு வேறு. நடிகர்கள் விஷயத்தில் இவை அடிக்கடி ஒன்றோடொன்று பொருந்துவதில்லை.

சர்ஷா ரோனன் பிறந்தது நியூயார்க்கின் பிராங்க்ஸில். பெற்றோர் இருவரும் ஐரிஷ்காரர்கள், வளர்ந்தது கார்லோ மாவட்டத்திலும் டப்ளினிலும். ரூத் நேகா எத்தியோப்பியாவின் அடிஸ் அபாபாவில் பிறந்து லிமெரிக்கில் வளர்ந்தவர். டேனியல் டே-லூயிஸ் லண்டனில் பிறந்தவர். கவிஞரான அவர் தந்தை பிறந்தது அயர்லாந்தில். மகன் 1993-இல் ஐரிஷ் குடியுரிமை எடுத்துக்கொண்டார். மைக்கேல் கேம்பன் டப்ளினில் பிறந்து சிறு வயதிலேயே லண்டன் போனவர். ஆனாலும் தொழில்முறையில் அவர் முதன்முதலில் மேடையேறியது 1962-இல், டப்ளினில்தான்.

வட அயர்லாந்தில் சிக்கல் இன்னும் கொஞ்சம் கூடுதல். அது ஐக்கிய ராஜ்ஜியத்தின் பகுதி. 1998-இல் கையெழுத்தான புனித வெள்ளி உடன்படிக்கை, அங்கே பிறந்தவர்கள் தங்களை ஐரிஷ் என்றோ, பிரிட்டிஷ் என்றோ, இரண்டும் என்றோ சொல்லிக்கொள்ளும் உரிமையைத் தருகிறது. பாலிமீனாவில் பிறந்த லியம் நீசன், பெல்ஃபாஸ்டில் பிறந்து ஒன்பது வயதில் இங்கிலாந்துக்குப் போன கென்னத் பிரானா இருவரையும் ஒரே பட்டியலில் போடலாமா என்ற வாதத்துக்கு முடிவே கிடையாது.

குடியரசைச் சேர்ந்த நடிகர்களைப் பிரிட்டன் ஊடகங்கள் 'பிரிட்டிஷ் நடிகர்' என்று எழுதிவிடுவதும், அயர்லாந்தில் உடனே கண்டனம் கிளம்புவதும் அடிக்கடி நடக்கிறது. சின்ன எழுத்துப்பிழையாக அதைத் தள்ளிவிட முடியாது. நாற்றை வளர்த்தது யார் என்ற கணக்கே அதில் மாறிப்போகிறது.

இந்தக் கட்டுரையில் 'ஐரிஷ் நடிகர்' என்றால், நடிப்பை அயர்லாந்தின் மேடைகளிலும் வகுப்புகளிலும் கற்றவர் என்று பொருள். ஏற்பாட்டைப் புரிந்துகொள்ள இந்த வரையறை போதும்.

## ஊர் மண்டபத்தில் தொடங்கும் பயிற்சி

அயர்லாந்தில் மேடையேறுவதற்கு நடிகராக வேண்டும் என்ற ஆசைகூடத் தேவையில்லை. பள்ளிப் பிள்ளைகள் மாலையில் 'ஸ்பீச் அண்ட் டிராமா' வகுப்புக்குப் போவது அங்கே சாதாரணம். நம் வீடுகளில் பாட்டு வகுப்புக்கு அனுப்புவதைப் போல. ஆண்டுதோறும் 'ஃபெஷ்' எனப்படும் கலைப் போட்டிகள் நடக்கும். பிள்ளைகள் மேடையில் நின்று கவிதை சொல்வார்கள், சிறு காட்சி நடிப்பார்கள், நடுவர் மதிப்பெண் போடுவார். ஏழெட்டு வயதிலேயே முன்பின் தெரியாதவர்கள் முன்னால் நின்று, கடைசி வரிசைக்குக் கேட்கும்படி பேசப் பழகிவிடுகிறார்கள்.

வளர்ந்தவர்களுக்கு அமெச்சூர் நாடகக் குழுக்கள் இருக்கின்றன. ஆசிரியர், விவசாயி, வங்கி ஊழியர் என்று பலரும் சேர்ந்து குளிர்காலம் முழுக்க ஒத்திகை பார்ப்பார்கள். மார்ச் மாதவாக்கில் ஊர் ஊராக விழாக்கள் தொடங்கும். அவற்றில் தேறும் குழுக்கள், நாட்டின் நடுவிலுள்ள அத்லோன் நகரில் 1953 முதல் நடந்துவரும் அகில அயர்லாந்து நாடக விழாவுக்குப் போகும்.

இந்த விழாக்களின் உயிர்நாடி நடுவர். அட்ஜுடிகேட்டர் என்பார்கள். நாடகம் முடிந்து திரை விழுந்ததும் அவர் மேடையேறி, பார்வையாளர்கள் எதிரிலேயே விமர்சனம் சொல்வார். இரண்டாம் அங்கத்தில் வேகம் எங்கே தளர்ந்தது, யார் வசனத்தின் கடைசிச் சொல்லை விழுங்கினார், நாற்காலியை அங்கே போட்டதால் யார் முகம் மறைந்தது என்று ஒவ்வொன்றாகப் பிரிப்பார். குழு அதைத் திருத்திக்கொண்டு அடுத்த ஊரில் ஆடும். அங்கே வேறொரு நடுவர். ஒரே நாடகத்தை ஒரு மாதத்துக்குள் பல மண்டபங்களில், பல கண்கள் முன்னால், திருத்தித் திருத்தி ஆடுவது கட்டணமில்லாத கல்லூரிப் படிப்புக்குச் சமம். இந்த ஏற்பாட்டில் மிக உயர்ந்தது எதுவென்று என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

இங்கே தவறுவதும் உண்டு. நடுவரைக் கவருவதற்காகக் குழு மிகை நடிப்புக்குப் போய்விடலாம். ஒரே வகைப் பாத்திரத்தை ஒருவரே பத்தாண்டுக்கு ஆடிக்கொண்டிருக்கலாம். நல்ல நடுவர் இரண்டையும் பெயர் சொல்லிக் கண்டிப்பார்.

அமெச்சூர் என்பதால் தரம் குறைவு என்று நினைத்துவிட வேண்டாம். ஜான் பி. கீன் எழுதிய முதல் முக்கிய நாடகத்தைத் தேசிய நாடக அரங்கான அபி திருப்பி அனுப்பிவிட்டது. லிஸ்டோவெல் ஊரின் அமெச்சூர் குழு அதை எடுத்து ஆடி, 1959-இல் அத்லோனில் வென்றது. அதன் பிறகு அதே குழு, அதே நாடகத்தோடு, திருப்பி அனுப்பிய அரங்கின் மேடையிலேயே ஏறியது.

பதின்ம வயதினருக்கு இளையோர் நாடக அரங்குகள் தனியாக உண்டு. 1977-இல் தொடங்கிய டப்ளின் யூத் தியேட்டர் அவற்றில் பெயர் பெற்றது.

சுருக்கமாக: தொழிலாக எடுக்கும் முன்பே, பல ஐரிஷ் நடிகர்களின் கணக்கில் நூற்றுக்கணக்கான மேடை மணிநேரம் சேர்ந்துவிடுகிறது. 'இயல்பான திறமை' என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி இந்த மணிநேரம்தான்.

## மூன்று அரங்குகள், மூன்று குணங்கள்

அபி. 1904 டிசம்பர் 27 அன்று டப்ளினில் திறக்கப்பட்டது. கவிஞர் யேட்ஸும் லேடி கிரெகரியும் நடத்தினார்கள். கட்டடத்துக்குப் பணம் கொடுத்தவர் ஆனி ஹார்னிமன் என்ற ஆங்கிலேயப் பெண்மணி. ஒரு பழைய தொழிலாளர் மன்ற அரங்கையும் பக்கத்திலிருந்த பிணவறையையும் சேர்த்துக் கட்டிய இடம் அது.

நடிப்பு முறையை வகுத்தவர்கள் ஃபே சகோதரர்கள். அண்ணன் ஃபிராங்க் ஓர் அலுவலக எழுத்தர், தம்பி வில்லியம் மின்பணியாளர். மாலை நேரத்தில்தான் நாடகம். அவர்களுடைய விதி எளிமையானது: பேசுகிறவர் மட்டும் அசையட்டும், மற்றவர்கள் அசையாமல் கேட்கட்டும். அந்தக் கால லண்டன் மேடையில் எல்லோரும் எப்போதும் கையை ஆட்டிக்கொண்டிருந்தார்கள். அபியில் பார்வையாளரின் காது நேராகச் சொல்லுக்குப் போனது. நடிகர்கள் கையசைவை மறந்து பேச்சில் கவனம் வைப்பதற்காக, அவர்களைப் பீப்பாய்க்குள் நிறுத்தி ஒத்திகை பார்க்க விரும்பியதாக யேட்ஸ் எழுதியிருக்கிறார். இன்றைக்கும் ஐரிஷ் நடிகர்களிடம் நாம் ரசிக்கும் அந்த அமைதி, எதிரில் இருப்பவர் பேசும்போது முகத்தாலேயே கேட்கும் திறன், பெரிதும் இந்த வழியில் வந்தது.

1925-இல் புதிய ஐரிஷ் அரசு அபிக்கு 850 பவுண்டு மானியம் கொடுத்தது. ஆங்கிலம் பேசும் நாடுகளில் அரசு நிதி பெற்ற முதல் நாடக அரங்கு என்ற பெயர் அதனால் வந்தது. தொகை சிறியதுதான். ஆனால் நடிப்பு ஒரு பொதுச் சொத்து என்று ஓர் அரசு ஒப்புக்கொண்டது பெரிய விஷயம்.

அபியின் ஏற்பாட்டுக்கு ரெபர்ட்டரி என்று பெயர். ஒரே நடிகர் குழு ஆண்டு முழுக்கச் சேர்ந்திருந்து, நாடகத்தை மாற்றி மாற்றி ஆடுவது. இந்த வாரம் கதாநாயகன், அடுத்த வாரம் இரண்டு வரி பேசும் தபால்காரன். ஒரு பெரிய வேடத்தை இருநூறு முறை ஆடுவதைவிட, இருபது வேடங்களைப் பத்துப் பத்து முறை ஆடுவது நடிகரை வேகமாக வளர்க்கும். இன்று அபியில் அப்படி நிரந்தரக் குழு இல்லை. ஒவ்வொரு நாடகத்துக்கும் தனி ஒப்பந்தம்தான். அது ஓர் இழப்பு என்றே நினைக்கிறேன்.

பேரி ஃபிட்ஸ்ஜெரால்டின் கதையில் இந்த உலகம் முழுதாகத் தெரியும். இயற்பெயர் வில்லியம் ஷீல்ட்ஸ். பகலில் அரசு எழுத்தர், இரவில் அபி நடிகர். மேலதிகாரிகளுக்குத் தெரியாமலிருக்கத்தான் புனைபெயர். 1929-இல் நாற்பது வயது தாண்டிய பிறகே வேலையை விட்டார். பிறகு ஹாலிவுட் போய், 1945 விழாவில் துணை நடிகருக்கான ஆஸ்கரை வாங்கினார். மோரீன் ஓஹாராவும் பதினான்கு வயதில் அபியில் பயிற்சிக்குச் சேர்ந்தவர்தான்.

கேட். 1928-இல் ஹில்டன் எட்வர்ட்ஸும் மீஹோல் மக் லியமோரும் தொடங்கியது. அபி நாட்டுப்புறத்தைக் காட்டியது, கேட் ஐரோப்பாவைக் கொண்டுவந்தது: நார்வே நாடகாசிரியர் இப்சன், ஒளியமைப்பு, பகட்டான அரங்க வடிவம். மக் லியமோர் தன்னைக் கார்க் நகரத்தான் என்று சொல்லிக்கொண்டார், அழகான ஐரிஷ் மொழியில் எழுதினார். உண்மையில் அவர் லண்டனில் ஆல்ஃபிரட் வில்மோராகப் பிறந்தவர் என்பது இறப்புக்குப் பிறகே ஊருக்குத் தெரிந்தது. தன் வாழ்நாளின் மிக நீண்ட வேடத்தை அவர் மேடைக்கு வெளியே ஆடியிருக்கிறார். 1931-இல் இந்த அரங்குக்கு வந்து வாய்ப்புக் கேட்ட பதினாறு வயது அமெரிக்கப் பையன் ஆர்சன் வெல்ஸ். வேடம் கிடைத்தது. பின்னாளில் அவன் உலக சினிமாவையே மாற்றினான்.

ட்ரூயிட். 1975-இல், டப்ளினுக்கு வெளியே, மேற்குக் கடலோரக் கால்வேயில் கேரி ஹைன்ஸ், மேரி மல்லன், மிக் லாலி மூவரும் தொடங்கினார்கள். தலைநகருக்கு வெளியே தொழில்முறைக் குழு நிற்காது என்றிருந்த நம்பிக்கையை இது உடைத்தது. சின்ன ஊர் மண்டபங்களுக்கும் தீவுகளுக்கும் நாடகத்தைத் தூக்கிக்கொண்டு போனார்கள். 1998-இல் நியூயார்க்கில், நாடக இயக்கத்துக்கான டோனி விருதைப் பெற்ற முதல் பெண் ஆனார் கேரி ஹைன்ஸ். அதே நாடகத்துக்காக மேரி மல்லனுக்குச் சிறந்த நடிகை விருது கிடைத்தது.

இவற்றுக்கு வெளியேயும் பல பாத்திகள் உண்டு: 1928-இல் கால்வேயில் ஐரிஷ் மொழிக்கென்று தொடங்கிய தைவ்யார்க் (ஷிவான் மெக்கென்னா அங்கிருந்து வந்தவர்), பெல்ஃபாஸ்டின் லிரிக், டப்ளினின் ப்ராஜெக்ட், கார்க்கில் 2022 வரை இயங்கிய கார்கடோர்கா.

சுருக்கமாக: அபி சொல்லையும் அமைதியையும் கற்றுத்தந்தது, கேட் வடிவத்தையும் துணிவையும் கொண்டுவந்தது, ட்ரூயிட் தலைநகரை நம்பாமல் வாழ முடியும் என்று காட்டியது.

## நடிப்புப் பள்ளி: போனவர்களும் போகாதவர்களும்

'எந்தப் பள்ளியில் படித்தார்?' என்பது வழக்கமான கேள்வி. அயர்லாந்தில் அதற்கு மூன்று விதமாகப் பதில் வரும்.

பழைய பாதை லண்டன். ரிச்சர்ட் ஹாரிஸ் லிமெரிக்கில் ரக்பி ஆடிக்கொண்டிருந்தவர். காசநோய் அதை முடித்துவைத்தது. பிறகு லண்டன் போய் லாம்டா என்ற நடிப்புப் பள்ளியில் சேர்ந்தார். கார்க்கின் ஃபியோனா ஷா, கில்லார்னியின் ஜெஸ்ஸி பக்லி இருவரும் லண்டனின் இன்னொரு நடிப்புப் பள்ளியான ராடாவில் படித்தவர்கள்.

உள்ளூர்ப் பாதை பிறகு வந்தது. 1986-இல் ஜோ டவ்லிங் தொடங்கிய கெய்ட்டி நடிப்புப் பள்ளி. காலின் ஃபாரல் அங்கே சேர்ந்து, படிப்பை முடிக்காமல் தொலைக்காட்சித் தொடருக்குப் போனார். 2011-இல் டிரினிட்டி கல்லூரியோடு இணைந்து, ராடாவின் துணையோடு தொடங்கிய லிர் அகாடமி. அதன் மூன்றாண்டு நடிப்புப் பட்டத்துக்கு ஆண்டுக்கு 16 பேர் அளவில்தான் எடுப்பார்கள். பால் மெஸ்கல் 2017-இல் அங்கிருந்து வெளியே வந்தவர். கேமரா நடிப்புக்கென்றே உள்ள போ ஸ்ட்ரீட் அகாடமி, முன்பு ஃபேக்டரி என்ற பெயரில் இருந்தது. பேரி கியோகன் பழகிய இடம் அது.

இத்தகைய பள்ளிகளில் நுழைய நடிப்புச் சோதனை உண்டு. பொதுவாக இரண்டு தனிமொழிகளைத் தயார் செய்ய வேண்டும். தனிமொழி என்றால் ஒரே பாத்திரம் இடைவிடாமல் பேசும் பகுதி. ஒன்று ஷேக்ஸ்பியர் போன்ற பழைய நாடகத்திலிருந்து, இன்னொன்று இக்காலத்திலிருந்து, ஒவ்வொன்றும் இரண்டு நிமிடத்துக்குள். தேறுகிறவர்களை மறுபடி அழைத்து, நாள் முழுக்கக் குழுவாக வேலை செய்ய வைத்துப் பார்ப்பார்கள். தோற்பவர்கள் பெரும்பாலும் மூன்று காரணங்களால் தோற்கிறார்கள். இரண்டு பகுதிகளும் ஒரே மனநிலையில் இருப்பது முதல் காரணம். தன் வயதுக்கு மிக மேலான பாத்திரத்தை எடுப்பது இரண்டாவது. மூன்றாவதுதான் கொடியது: வீட்டில் கண்ணாடி முன் இறுகப் பழகிவிட்டு, 'இதையே உங்கள் தங்கையிடம் ரகசியமாகச் சொல்வதுபோல் சொல்லுங்கள்' என்று தேர்வாளர் கேட்டதும் மாற்ற முடியாமல் நிற்பது. நடிப்பு எவ்வளவு வரும் என்பதோடு, இவருக்குக் கற்றுத்தர முடியுமா என்பதையும் தேர்வாளர் பார்க்கிறார்.

மூன்றாவது பாதையில் பள்ளியே இல்லை. ஆண்ட்ரூ ஸ்காட் டிரினிட்டியில் நாடகப் படிப்பில் சேர்ந்து ஆறு மாதத்தில் விட்டுவிட்டு அபிக்குப் போனார். பிரெண்டன் க்ளீசன் டப்ளினில் பள்ளி ஆசிரியர். பேஷன் மெஷின் என்ற குழுவில் நாடகம் ஆடிக்கொண்டே பாடம் நடத்தினார். 1991-இல், முப்பத்தாறு வயதில்தான் முழுநேர நடிகரானார். கில்லியன் மர்ஃபி கார்க்கில் சட்டம் படிக்கப் போய், அதில் தேறாமல், இசைக்குழு நடத்திக்கொண்டிருந்த பையன். கார்கடோர்கா குழுவை விடாமல் துரத்தி வாய்ப்பு வாங்கினார். 1996-இல் இரண்டே பேர் நடிக்கும் 'டிஸ்கோ பிக்ஸ்' நாடகம் கிடைத்தது. அது ஊர் ஊராகப் போய், நாடு தாண்டியும் போய், 2001-இல் படமானபோதும் அவரே நடித்தார்.

'திடீரென்று கண்டுபிடிக்கப்பட்டார்' என்ற வாக்கியத்தைப் படிக்கும்போது இந்த இடைவெளிகளைக் கணக்குப் பாருங்கள். மர்ஃபிக்கு முதல் நாடகத்திலிருந்து ஆஸ்கர் வரை 28 ஆண்டுகள்.

## மேடையிலிருந்து திரைக்கு: இடையில் யார் நிற்கிறார்கள்?

இங்கே இரண்டு ஆட்களைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஏஜென்ட் நடிகரின் ஆள்; வேலை தேடித் தருவார், ஒப்பந்தம் பேசுவார், ஊதியத்தில் ஒரு பங்கை, பொதுவாக 10 முதல் 15 சதவீதம், எடுத்துக்கொள்வார். கேஸ்டிங் டைரக்டர் தயாரிப்பாளரின் ஆள். எந்த வேடத்துக்கு யாரைக் கூப்பிட்டுப் பார்க்கலாம் என்று பட்டியல் போடுவார். கடைசி முடிவு அவருடையது இல்லை, இயக்குநருடையதும் தயாரிப்பாளருடையதும்தான். இந்த இருவரையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வது பரவலான தவறு.

சின்ன நாட்டின் சாதகம் இங்கேதான் வெளிப்படுகிறது. டப்ளினில் வேலை செய்யும் கேஸ்டிங் டைரக்டரால் ஓர் ஆண்டின் முக்கிய நாடகங்களையும் பள்ளிகளின் இறுதியாண்டு நிகழ்ச்சிகளையும் உண்மையாகவே நேரில் பார்த்துவிட முடியும். லண்டனில் அது நடக்காது. பீகாக் என்ற அபியின் சிறிய அரங்கில் நூற்றுச் சொச்சம் இருக்கைகள்தான். அதில் இரண்டு இருக்கைகளில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதே ஒருவரின் வாழ்க்கையைத் திருப்பலாம்.

லியம் நீசனுக்கு அப்படித்தான் நடந்தது. 1976-இல் பெல்ஃபாஸ்டின் லிரிக் அரங்கில் சேர்ந்தார், பிறகு டப்ளின் வந்தார். அபி மேடையில் அவரைப் பார்த்த இயக்குநர் ஜான் பூர்மன் தன் 1981 படத்தில் வேடம் கொடுத்தார். 1993-இல் நியூயார்க் மேடையில் அவரைப் பார்த்த பிறகு ஸ்பீல்பெர்க் தன் படத்தின் நாயகனாக்கினார். இரண்டு திருப்பங்களும் மேடையில் பார்த்ததால் வந்தவை. மெஸ்கலுக்குப் படிப்பு முடிந்த ஆண்டே கேட் அரங்கில் முதன்மை வேடம். மூன்று ஆண்டு மேடைக்குப் பிறகே, 2020-இல், அவரை உலகறியச் செய்த தொலைக்காட்சித் தொடர் வந்தது.

இன்று முதல் சுற்று பெரும்பாலும் செல்ஃப் டேப்பில் முடிந்துவிடுகிறது. நடிகர் தன் காட்சியைத் தானே படம்பிடித்து அனுப்புவதற்கு அந்தப் பெயர். காட்சி கைக்கு வந்து ஓரிரு நாளில் அனுப்ப வேண்டியிருக்கும். வெற்றுச் சுவர் பின்னணி, நெஞ்சு வரை தெரியும் சட்டகம், முகத்தில் சீரான வெளிச்சம். எதிர்ப் பாத்திரத்தின் வசனத்தைப் படிப்பவர் கேமராவுக்கு ஒட்டி நிற்க வேண்டும், நடிகரின் பார்வை அவர்மேல் விழ வேண்டும், லென்ஸுக்குள் விழக்கூடாது. அடிக்கடி கெடுவது ஒலி. படிப்பவர் மைக்கருகில் நிற்பதால் அவர் குரல் முழங்கி, நடிகரின் குரல் அடங்கிப்போகும். அவரை மெதுவாகப் படிக்கச் சொன்னால் போதும், சரியாகிவிடும்.

மேடைக்காரர்கள் செய்யும் இன்னொரு தவறு அளவு. கடைசி வரிசைக்குப் போகவேண்டிய புருவ அசைவு, நெருக்கமான காட்சியில் பத்து மடங்காகத் தெரியும். அபி வழியில் வந்தவர்களுக்கு இதில் பாதி வேலை முன்பே முடிந்திருக்கிறது. அசையாமல் கேட்பது எப்படி என்று அவர்களுக்குத் தெரியும், கேமராவுக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

நடவுக்கு உதவும் இன்னொரு விஷயம் சட்டம். அயர்லாந்துக்கும் பிரிட்டனுக்கும் இடையே பொதுப் பயண வலயம் என்ற ஏற்பாடு உள்ளது. ஐரிஷ் குடிமக்கள் விசா இல்லாமல் லண்டனில் குடியேறி வேலை பார்க்கலாம். மொழியும் அதே. திங்கட்கிழமை டப்ளினில் ஒத்திகை, செவ்வாய் லண்டனில் ஆடிஷன் என்று ஓடுவது நடைமுறையில் முடிகிற காரியம். அமெரிக்காவுக்குத்தான் விசா தடை இருக்கிறது.

## பணம் எங்கிருந்து வருகிறது?

அயர்லாந்தில் படம் எடுத்தால் அரசு வரிச் சலுகை தருகிறது. சட்டப் பிரிவின் எண்ணை வைத்து அதை 'பிரிவு 481' என்பார்கள். அயர்லாந்தில் செலவிட்ட தகுதியுள்ள தொகை, மொத்தத் தயாரிப்புச் செலவில் 80 சதவீதம், 12.5 கோடி யூரோ உச்சவரம்பு என்ற மூன்றில் எது குறைவோ, அதில் 32 சதவீதம் கிடைக்கும். உதாரணமாக, ஒரு கோடி யூரோ படம், அதில் 70 லட்சம் அயர்லாந்தில் செலவு. 80 லட்சத்தைவிட 70 லட்சம் குறைவு, எனவே அதில் 32 சதவீதம்: 22 லட்சத்து 40 ஆயிரம் யூரோ.

இது தயாரிப்பாளருக்குப் போகும் பணம். நடிகருக்கு நேரடியாக எதுவும் வராது. ஆனால் வெளிநாட்டுப் படப்பிடிப்பு வரும்போது சின்ன வேடங்களுக்கு உள்ளூரில் ஆள் எடுப்பார்கள். இரண்டு வரி பேசும் காவலர், ஒரு காட்சியில் வரும் செவிலியர். திரை அனுபவம் அப்படித்தான் சேர்கிறது. குறையும் உண்டு: முதன்மை வேடங்கள் வெளியிலிருந்து வந்துவிடும். பைஅவுட் ஒப்பந்தம் இன்னொரு தொல்லை. ஒரே தொகையைக் கொடுத்துவிட்டு, பிற்கால மறு ஒளிபரப்பு வருமானம் எதிலும் பங்கில்லை என்று எழுதி வாங்குவது. நடிகர் சங்கமான ஐரிஷ் ஈக்விட்டி இதை எதிர்த்துப் பல காலமாகக் குரல் கொடுத்துவருகிறது.

பரவலாகத் திரியும் ஒரு தவறான தகவலையும் திருத்த வேண்டும். 'அயர்லாந்தில் கலைஞர்களுக்கு வருமான வரி இல்லை' என்பார்கள். 1969-இல் வந்த அந்த விலக்கு எழுத்து, இசையமைப்பு, ஓவியம், சிற்பம் போன்ற படைப்புகளுக்கானது, அதற்கும் உச்சவரம்பு உண்டு. நடிப்பு ஊதியத்துக்கு அது பொருந்தாது.

நடிகர்களையும் உள்ளடக்கி வந்தது 2022-இன் கலைஞர் அடிப்படை வருமானச் சோதனைத் திட்டம்: விண்ணப்பித்தவர்களில் 2000 பேரைக் குலுக்கலில் எடுத்து, வாரம் 325 யூரோ. டப்ளின் வாடகைக்கு அது தாங்காது. ஆனாலும் ஒத்திகைக்கும் உணவக வேலைக்கும் நடுவே கிழிபடுகிற இளம் நடிகருக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது.

சுருக்கமாக: நட்சத்திரங்களின் வருமானத்தை வைத்து ஐரிஷ் நடிகர்களின் வாழ்க்கையை அளக்கக் கூடாது. பெரும்பாலோர் மேடை, வானொலி, விளம்பரக் குரல், பாடம் சொல்லித்தருவது என்று பல துண்டுகளைத் தைத்துத்தான் ஆண்டை ஓட்டுகிறார்கள்.

## வயலிலிருந்து திரும்பும் நாற்று

நெல்லோடு போட்ட ஒப்புமை ஓரிடத்தில் உடைகிறது. நட்ட நாற்று நாற்றங்காலுக்குத் திரும்பாது, இவர்கள் திரும்புகிறார்கள்.

மேடை என்பது திரைக்கு ஏறும் படிக்கட்டு, ஏறியதும் விட்டுவிடுவார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். மர்ஃபி உலகப் புகழ் பெற்ற பிறகு 2011, 2014, 2018 ஆண்டுகளில் எண்டா வால்ஷோடு சேர்ந்து கால்வேயில் மேடையேறினார். 'டிஸ்கோ பிக்ஸ்' எழுதியவர் அதே வால்ஷ்தான். 2014 நாடகத்தில் பெல்ஃபாஸ்டின் ஸ்டீஃபன் ரியாவும் உடன் நடித்தார். 1980-இல் நாடகாசிரியர் பிரையன் ஃபிரீலோடு சேர்ந்து டெர்ரியில் ஃபீல்ட் டே குழுவைத் தொடங்கியவர் அவர். ரூத் நேகா ஆஸ்கர் பரிந்துரைக்குப் பிறகு, 2018-இல், கேட் அரங்கில் ஹாம்லெட்டாகவே நின்றார். அந்த அரங்கில் இருப்பவை 371 இருக்கைகள். அவற்றில் ஒவ்வோர் இரவும் நாடகப் பள்ளி மாணவர்கள் சிலராவது உட்கார்ந்திருப்பார்கள், சில அடி தூரத்தில் அந்த நடிகை எப்போது மூச்செடுக்கிறார் என்று கவனித்தபடி.